புலைதா மனநோய் மருத்துவமனையும் அதன் மாணவர்களும்

அரபு இலக்கணம் பயிலும் மாணவர்களுக்கு ‘தஸ்கீர்’ என்றொரு பாடம் உண்டு. ஒரு பெயரின் நடுவே ஓசையை மாற்றிச் சிறுமைப் பொருள் தோன்றச் செய்யும் முறை அது. ‘பல்தா’ என்றால் ஊர். அதனையே ‘புலைதா’ என்றால் சிற்றூர். இப்பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று அல்ஜீரியாவில் இருக்கிறது. தலைநகர் அல்ஜியர்ஸுக்குத் தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில், அட்லஸ் மலையடிவாரத்தில், மித்தீஜா சமவெளியின் ஓரத்தில் அது அமைந்துள்ளது. பிரெஞ்சுக்காரர்கள் நாவுக்கு அது ‘பிளிதா’ ஆயிற்று. ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர் பெற்ற ஊர். ஆயினும் மருத்துவ வரலாற்றில் அதற்குக் கிடைத்துள்ள இடம் ரோஜாவால் வந்ததன்று. பிரெஞ்சு ஆட்சி அங்கே எழுப்பிய பெரியதோர் மனநோய் மருத்துவமனையால் வந்தது.

1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இருபத்தெட்டு வயது மருத்துவர் ஒருவர் அங்கே பொறுப்பேற்க வந்தார். பெயர் ஃபிரான்ஸ் ஃபனோன். மேற்கிந்தியத் தீவுகளில் பிரான்சுக்கு உட்பட்ட மார்ட்டினிக் தீவில் பிறந்த கறுப்பர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்டவர். லியோன் நகரில் மருத்துவம் பயின்றவர். அவர் முஸ்லிம் அல்லர்; அரபியும் அறியார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளிகள் 165 ஐரோப்பியப் பெண்கள், 220 முஸ்லிம் ஆண்கள். புத்தி பேதலித்த நிலையிலும் மனிதரை ஐரோப்பியர் என்றும் சுதேசிகள் என்றும் பிரித்து வைக்க அந்த ஆட்சி மறக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த மருத்துவமனையில் நடந்தவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அரசியல் நோக்கில் எழுதியோரே மிகுதி. நாம் இங்கே காண விரும்புவது வேறொன்று. மனநோய் மருத்துவம் பயில வந்த மாணவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது? கற்றவர்களால் எதிரே அமர்ந்த நோயாளியை அறிந்துகொள்ள முடிந்ததா? ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இக்கேள்விகளே முதன்மையாகத் தோன்றுகின்றன.

அல்ஜியர்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1920களிலிருந்து மனநோயியல் கற்பித்தவர் அந்துவான் போரோ என்னும் பேராசிரியர். இவர் 1918இலேயே முஸ்லிம்களின் மனநோய் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். வட ஆப்பிரிக்க முஸ்லிம் எளிதில் எதையும் நம்புபவன், பிடிவாதக்காரன், ஆராயும் ஆற்றல் அற்றவன் என்ற போக்கில் அமைந்த கருத்துகள் அவருடையவை. 1935இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய மருத்துவ மாநாட்டில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வட ஆப்பிரிக்கனுடைய மூளையின் மேலுறை போதிய வளர்ச்சி பெறாதது. மூளையின் ஆழத்தில் உள்ள, வெறும் உணர்ச்சிகளையும் உடலியக்கத்தையும் நடத்துகின்ற பகுதியே அவனை ஆள்கிறது என்று விளக்கம் கூறினார். 1939இல் தம் மாணவர் சூத்தேருடன் சேர்ந்து இதனையே விரிவாக எழுதினார். ‘அல்ஜியர்ஸ் பள்ளி’ என்று மருத்துவ உலகில் வழங்கப்படுவது இக்கூட்டத்தாரின் கொள்கையே. இதே காலத்தில் கென்யாவில் பணியாற்றிய கரோதர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஆப்பிரிக்கனின் மனத்தை, மூளையின் முற்பகுதி அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியனின் மனத்தோடு ஒப்பிட்டார். அவருடைய நூலை 1953இல் வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம்! ஆகவே இதனை ஏதோ ஒரு தனி மனிதரின் வெறுப்புப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பாடநூலாக, தேர்வுக் கேள்வியாக, பதவி பெறும் தகுதியாக அது நின்றது.

இங்கேதான் ஒரு காட்சியைச் சற்றே கண்முன் கொண்டு வர வேண்டும். அக்கல்லூரியில் மிகச் சிலராகவேனும் அல்ஜீரிய முஸ்லிம் மாணவர்கள் பயின்றனர். அவர்களும் அதே வகுப்பில், அதே பெஞ்சில் அமர்ந்து, அல்ஜீரியன் பிறவிக் குற்றவாளி என்ற பாடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டனர். தேர்வில் அதனை எழுதித்தான் மருத்துவர் ஆயினர். ஃபனோன் தம் இறுதி நூலில் இச்செய்தியைக் குறிப்பிடுகிறார். தன் தகப்பனையும் தன்னைப் பெற்ற தாயையும் பற்றிய அவதூறை விடைத்தாளில் பிழையின்றி எழுதினால்தான் பட்டம் என்றால், அந்த மாணவனின் உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்! மறுத்து எழுதினால் தோல்வி. ஒப்பி எழுதினால் வெற்றி. ஆனால் மாலையில் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்லூரியின் வாயில் அவனுக்குத் திறந்துதான் இருந்தது. உள்ளே சென்றவன் தன்னை வெளியே விட்டுவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது.

இதே மக்ரிப் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலை வேறாக இருந்தது. பக்தாதிலிருந்து கைரவான் நகருக்கு வந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் என்னும் முஸ்லிம் மருத்துவர் ‘மாலிஹூலியா’ எனப்படும் மனச்சோர்வு நோயைப் பற்றித் தனி நூல் ஒன்று யாத்தார். அருமைக் குழந்தையைப் பறிகொடுத்தவனும், மீண்டும் பெற முடியாத நூலகத்தை இழந்த அறிஞனும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்று அதில் எழுதியிருக்கிறார். (நூலகத்தை இழந்தவனின் துயரத்தைப் பிள்ளையை இழந்தவனின் துயரத்துக்கு அருகில் வைத்த அந்த உள்ளத்தை எண்ணி நான் பல முறை வியந்ததுண்டு.) இவரிடம் பாடம் கேட்டவர் எகிப்திலிருந்து வந்த யூதரான இஸ்ஹாக் இப்னு சுலைமான் அல்இஸ்ராயீலீ. அந்த யூதரிடம் பாடம் கேட்டவர் கைரவானின் புகழ் பெற்ற முஸ்லிம் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார். பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்னும் கிறிஸ்தவத் துறவி இவர்களின் நூல்களை இலத்தீனில் ஆக்கி ஐரோப்பாவுக்கு வழங்கினார். முஸ்லிமிடம் யூதர், யூதரிடம் முஸ்லிம், இருவரிடமும் கிறிஸ்தவர். இஸ்னாதைப் போல ஒரு சங்கிலி!

ஆனால் பழம்பெருமை பேசி மயங்கிவிடுதல் நம்மவர்க்கு எளிதில் வாய்க்கும் நோய். ஆகையால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமஷ்கில் ரழியுத்தீன் ரஹ்பீ என்னும் பெரிய மருத்துவர் இருந்தார். அவர் முஸ்லிம் அல்லாதாருக்கு மருத்துவம் கற்பிப்பதில்லை என்று உறுதி கொண்டிருந்தார். தம் வாழ்நாளில் இருவருக்கு மட்டுமே, அதுவும் பலரும் வற்புறுத்திப் பரிந்துரைத்த பின்னர், விலக்கு அளித்ததாகத் தம் மாணவர் இப்னு அபீ உஸைபிஆவிடம் அவரே கூறியிருக்கிறார். அவ்விருவரில் ஒருவர் இம்ரான் என்னும் யூதர். பின்னாளில் இந்த இம்ரானும் தஹ்வார் என்னும் தலைசிறந்த முஸ்லிம் மருத்துவரும் திமஷ்கின் நூரி மருத்துவமனையில் ஒரே நோயாளியின் அருகே நின்று கலந்து ஆலோசித்ததையும், அவ்விருவரிடமிருந்தும் தாம் பயன்பெற்றதையும் அதே இப்னு அபீ உஸைபிஆ மகிழ்ச்சியுடன் பதிவு செய்துள்ளார். ரஹ்பீயின் கதவு அந்த இரண்டு முறையும் திறவாதிருந்தால் நூரி மருத்துவமனைக்கு ஓர் இம்ரான் கிடைத்திருக்க மாட்டார். கதவை அடைக்கும் கை எல்லாச் சமுதாயத்திலும் இருந்தது, நம்முடையதிலும் இருந்தது.

இனி புலைதாவுக்குத் திரும்புவோம். ஃபனோன் மாணவராக இருந்த காலத்திலேயே லியோன் நகரின் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்களிடம் பிரெஞ்சு மருத்துவர்கள் நடந்துகொள்ளும் முறையைக் கண்டு மனம் நொந்தவர். ‘உடம்பெல்லாம் வலிக்கிறது’ என்று சொல்லி வரும் தொழிலாளியை நடிப்புக்காரன் என்று மருத்துவர் தள்ளுவதையும், மரியாதையின்றி ஒருமையில் அழைப்பதையும் 1952இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பின்னர் பிரான்சின் தென்பகுதியில் ஸாந்தல்பான் என்னும் ஊரில், ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவுக்குத் தப்பி வந்த கட்டலானியரான டோஸ்கேயஸ் என்பவரிடம் பயிற்சி பெற்றார். மருத்துவமனையே நோயுற்றிருந்தால் நோயாளி எங்ஙனம் குணமடைவான் என்பது டோஸ்கேயஸின் கருத்து. நோயாளிகளைக் கட்டிப் போடாமல், அவர்கள் கூடிப் பேசவும் வேலை செய்யவும் விழா எடுக்கவும் இடமளித்து, சமூக வாழ்க்கையின் வழியே மனத்தைத் தேற்றும் முறை அவருடையது. நாடிழந்த ஓர் ஆசிரியர், நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு மாணவர். பாடம் நன்றாகவே பதிந்தது.

அம்முறையைப் புலைதாவில் நடத்திப் பார்க்க ஃபனோன் முனைந்தார். அவருக்குத் துணை நின்ற பயிற்சி மருத்துவர் ழாக் அஸூலே. அல்ஜீரிய யூதக் குடும்பத்து இளைஞர். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் வாரந்தோறும் கூட்டங்கள் நடந்தன, கிறிஸ்துமஸ் கொண்டாடப்பட்டது, திரைப்படம் காட்டி அதனைப் பற்றிப் பேசினர், தையல் வேலை தொடங்கியது, நோயாளிகளே எழுதும் செய்தித்தாளும் வெளிவந்தது. சில வாரங்களிலேயே அப்பிரிவின் முகம் மாறிற்று.

முஸ்லிம் ஆண்கள் பிரிவில் இவை அனைத்தும் தோற்றன. கூட்டத்துக்கு அழைத்தால் வந்து அமர்ந்தனர், வாய் திறக்கவில்லை. செய்தித்தாளைப் படிக்க எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. நாரால் முடையும் வேலையைக் கொடுத்தால் அது பெண்கள் வேலை என்று ஒதுக்கினர். பாட்டுக் கச்சேரி, விளையாட்டு எதுவும் அவர்களைத் தொடவில்லை. மாதங்கள் கடந்தன. அல்ஜியர்ஸ் பள்ளியைச் சார்ந்த ஒருவர் அப்போது அங்கே இருந்திருப்பின், ‘பார்த்தீர்களா, இவர்கள் மூளையே அப்படித்தான்’ என்று கூறி முடித்திருப்பார்.

ஃபனோனும் அஸூலேயும் அவ்வாறு கூறவில்லை. தவறு நோயாளியிடம் இல்லை, தங்களிடமே என்று 1954இல் ஒரு மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுதினர். ஒரு சமுதாயத்தின் வாழ்க்கையை அறியாமல், இன்னொரு சமுதாயத்தின் அச்சில் அதனை வார்க்க முயன்றோம். அடக்கி ஆளும் அரசு எதைச் செய்கிறதோ அதையே வெள்ளை அங்கி அணிந்து நாமும் செய்தோம். முஸ்லிம்தான் நம்மிடம் வர வேண்டும், நாம் அவனிடம் ஓரடியும் செல்ல வேண்டியதில்லை என்று எண்ணியிருந்தோம் என்பது அவர்களின் ஒப்புதல். நிறத்தால் இழிவுபட்டவரும், மதத்தால் இழிவுபட்ட சமூகத்தில் பிறந்தவரும் கூட அந்தத் தவறில் விழுந்தனர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். தான் அடிபட்டவன் என்பதாலேயே பிறரின் அடி தனக்குத் தெரிந்துவிடும் என்று எவரும் எண்ணுவதற்கில்லை.

மொழிபெயர்ப்பாளர் பற்றி அவர்கள் எழுதியது என்னை மிகவும் பாதித்தது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே ஒருவர் நின்று மொழிபெயர்த்தார். ஆனால் அந்த ஏழை விவசாயி தன் வாழ்நாளில் மொழிபெயர்ப்பாளரைக் கண்டது எங்கே? நீதிமன்றத்தில், போலீஸ் சாவடியில், நிலத்தைப் பறிக்க வந்த அதிகாரியின் பக்கத்தில். ஆகவே அவரைக் கண்டதும் நோயாளியின் நா ஒட்டிக்கொண்டது. சரியான சொல் இரண்டு காதுகளுக்கும் இடையே எங்கோ விழுந்து மறைந்தது.

இதனை நான் நூலறிவால் மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு மருத்துவமனை ஒன்றுக்குச் சிகிச்சைக்காக வந்திருந்த அரபு நாட்டு முதியவர் ஒருவருக்காக, அரபி அறிந்தவன் என்று என்னை அழைத்துச் சென்றனர். நான் ஓதியது நஹ்வும் ஸர்ஃபும், ஃபிக்ஹும் தஃப்ஸீரும். அவர் பேசியது கடற்கரை மக்களின் பேச்சரபி. கால் மணி நேரம் ஏதேதோ சொன்னார்; இறந்துபோன மகனைப் பற்றி என்று பாதி விளங்கிற்று; இடையே அழுதார். இளம் மருத்துவர் பொறுமையிழந்து, ‘என்ன சொல்கிறார்?’ என்று கேட்டார். ‘தூக்கம் வரவில்லையாம்’ என்றேன். மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தனர். முதியவர் என் கையைப் பிடித்து நன்றி கூறினார். அந்த நன்றி இன்றளவும் எனக்குக் கனக்கிறது.

தவற்றை உணர்ந்த பின் புலைதாவில் என்ன செய்தனர்? நிலத்தில் உழைத்துப் பழகிய அம்மனிதர்களிடம் நாரைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்தனர். அவர்கள் எழுந்து வேலை செய்தனர். ஊர்களில் ஆண்கள் கூடிப் பேசும் கஹ்வாக் கடையைப் போன்றே மருத்துவமனைக்குள் ஒன்றை அமைத்தனர். பெருநாள்களைக் கொண்டாடினர். ஊர் முஃப்தி அழைக்கப்பட்டுத் தொழுகை நடத்தினார். சந்தைகளில் கதை கூறும் கதைசொல்லியை வரவழைத்தனர். வாய் திறவாதவர்கள் கதை கேட்கக் கூடினர். அஸூலே இந்தத் தோல்வியையும் அதிலிருந்து கற்றதையுமே தம் பட்ட ஆய்வேடாக எழுதி 1954 இறுதியில் அல்ஜியர்ஸ் கல்லூரியிலேயே அளித்தார். பிறவிக் குற்றவாளி என்று பாடம் நடந்த அதே கல்லூரியில்!

அதன் பின் ஃபனோனைச் சுற்றி இளம் மருத்துவர்கள் சேரலாயினர். ஐரோப்பியக் குடியேற்றக் குடும்பத்தவரான ஷார்ல் ஜெரோனிமி, அல்ஜியர்ஸ் யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஆலிஸ் ஷெர்க்கி, ஃபிரான்ஸ்வா ஸான்சேஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். முஸ்லிம்களும் ஐரோப்பியருமான ஆண், பெண் செவிலியருக்கு ஃபனோன் தனியே வகுப்புகள் நடத்தினார். ஒரே அறையில் ஒரே பாடத்தை அவர்கள் கேட்டது அந்த நாட்டின் அன்றைய நிலையில் சிறு செய்தியன்று. வெளியே 1954 நவம்பர் முதல் விடுதலைப் போர் தொடங்கியிருந்தது.

அவர்களின் ஆய்வுகளில் இரண்டினை மட்டும் குறிப்பிடுவேன். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் செய்து மனநிலையை அளக்கும் சோதனை ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கி வந்தது. அதனை முஸ்லிம் பெண்களிடம் செய்தபோது அவர்களால் கதை சொல்ல முடியவில்லை. படங்களில் இருந்த அறைகளும் ஆடைகளும் மனிதர்களும் அவர்கள் வாழ்வில் கண்டிராதவை. கற்பனை வறண்டவர்கள் என்று எழுதுவது எளிது. ஃபனோனும் ஜெரோனிமியும் 1956இல், சோதனையே இவர்களுக்கு அந்நியமானது, குறை பெண்களிடம் இல்லை என்று எழுதினர்.

மற்றொன்று, ஸான்சேஸுடன் சேர்ந்து ஃபனோன் எழுதியது. மக்ரிப் முஸ்லிம்கள் பைத்தியம் பிடித்தவரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பது பற்றியது. ‘மஜ்னூன்’ என்ற சொல்லின் மூல எழுத்துகளுக்கு ‘மறைத்தல்’ என்பதே அடிப்படைப் பொருள். ‘ஜின்’, கருவிலுள்ள குழந்தையைக் குறிக்கும் ‘ஜனீன்’, மரங்கள் மறைத்து நிற்கும் தோட்டமாகிய ‘ஜன்னத்’ அனைத்தும் அம்மூலத்திலிருந்து பிறந்தவையே. மஜ்னூன் என்பவன் ஜின்னால் பீடிக்கப்பட்டவன் என்றே மக்ரிப் மக்கள் கருதினர். ஆகையால் அவன் திட்டினாலும் அடித்தாலும் அதனை அவன் செயலாகக் கொள்வதில்லை. அவனிடம் வஞ்சம் வைப்பதில்லை. குணமடைந்து வந்தால் பழைய இடத்திலேயே அவனை ஏற்றுக்கொண்டனர். ஐரோப்பிய மருத்துவனுக்கோ, நோயாளி பாசாங்கு செய்கிறானோ என்ற சந்தேகம் உள்ளூர இருந்துகொண்டே இருந்தது. ஜின்னைப் பற்றிய நம்பிக்கையை நோய்க்கான விளக்கமாக ஃபனோன் ஏற்கவில்லை. நோயாளியிடம் அம்மக்கள் காட்டிய பரிவை மதித்தார். இந்த வேறுபாட்டை நம் பயிற்சி மருத்துவர்களும் அறிந்திருந்தால் நன்று. ஜின் என்று வாய் திறந்த தாயைப் பார்த்துச் சிரிப்பவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்காது.

போர் முற்றிற்று. 1956ஆம் ஆண்டின் இறுதியில் ஃபனோன் தம் பதவி விலகல் கடிதத்தை எழுதினார். மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராதிருக்க உதவுவதே மனநோய் மருத்துவம். சொந்த நாட்டிலேயே அரபியர் அந்நியராக்கப்பட்டுள்ள இடத்தில் அத்தொழிலை எவ்வாறு செய்வது என்பது அதன் சாரம். 1957 ஜனவரியில் அரசு அவரை நாடு கடத்தியது. துனீசியா சென்றார். அது முஸ்லிம் நாடு, அப்போதுதான் விடுதலை பெற்றிருந்தது. அங்கும் உடன் பணியாற்றியோரில் அவருடைய நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசியோர் இருந்தனர். இதனையும் நாம் மறைப்பதற்கில்லை. அங்கே பொது மருத்துவமனை ஒன்றில், நோயாளிகள் பகலில் சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்பும் முறையை நிறுவி, அங்கும் இளம் மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். 1961 டிசம்பர் 6ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் இறந்தார். உடல் அல்ஜீரிய மண்ணுக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

1962இல் நாடு விடுதலை பெற்றபோது ஐரோப்பிய மருத்துவர்கள் பெரும்பாலோர் வெளியேறினர். மனநோய் மருத்துவம் பயின்ற அல்ஜீரியர் விரல் விட்டு எண்ணத்தக்கவரே இருந்தனர். முப்பதாண்டுகளுக்கும் மேலாக நடந்த ஒரு துறை, அந்நாட்டின் பெரும்பான்மை மக்களிலிருந்து எத்தனை பேரைப் பயிற்றுவித்தது என்பதற்கு அந்த ஆண்டே கணக்குச் சொல்லிற்று. புதிய தலைமுறை மெல்ல உருவாயிற்று. அவர்களுள் முன்னின்ற மஹ்ஃபூத் பூஸப்ஸி என்னும் மனநோய் மருத்துவர், 1993 ஜூன் 15ஆம் நாள் அல்ஜியர்ஸில் தாம் பணியாற்றிய மருத்துவமனையின் வாயிலிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் அந்நியர் அல்லர்.

புலைதா மருத்துவமனை இன்று ஃபனோனின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் அரபி கற்க முயன்றார். ஆயினும் இறுதி வரை அம்மொழி அவருக்கு வசப்படவில்லை. நோயாளிகளோடு அவர் பேசியதெல்லாம் முஸ்லிம் செவிலியரின் வாய்வழியாகத்தான். கஹ்வாக் கடையில் அமர்ந்த நோயாளி என்ன கூறினான், கதைசொல்லியின் எந்த இடத்தில் ஒருவன் முதன்முதலாகச் சிரித்தான் என்பதையெல்லாம் அவருக்கு எடுத்துரைத்தவர்கள் அச்செவிலியரே. கட்டுரைகளின் தலைப்பின் கீழ் மருத்துவர்களின் பெயர்கள் மட்டுமே அச்சாகியுள்ளன.